கலங்கிய கிண்ணம்

மதுவைப் பற்றி எழுதுவதற்கு நமது முற்போக்கு ஏடுகளில் இரண்டு வழிகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. தோட்டத்து லயங்களிலும் கரையோரக் குடிசைகளிலும் அது விளைக்கும் நாசத்தைக் கணக்கிட்டுக் கண்டிப்பது ஒன்று. சங்கப் புலவரின் தேறலையும் பாணர்க்கு மன்னர் வார்த்த கள்ளையும் எடுத்துக்காட்டி, பண்டைத் தமிழர் இவ்விஷயத்தில் எத்துணைத் தாராள மனத்தினர் என்று வியப்பது மற்றது. முன்னதைக் கூட்டங்களிலும் பின்னதை வகுப்பறையிலும் நாமும் செய்துவருகிறோம். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், ஒரு மது எவ்வாறு கலக்கப்படுகிறது, அதிற் சேரும் பொருள்கள் எங்கிருந்து எவருடைய கைகளினூடாக வருகின்றன என்று எழுதுவாரைக் காணோம். தேநீரைப் பற்றி எழுதும்போது கொழுந்து பறிப்பவளின் விரல்களை மறவாத எழுத்தாளன், மதுக்கிண்ணத்தைக் கண்டதும் ஒழுக்கவாதியாகவோ இரசிகனாகவோ மாறிவிடுகிறான். உழைப்பு அவன் கண்ணிற் படுவதில்லை.

ஆகவே இங்கு ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதனை வீட்டில் ஆக்கும் முறையையும் மறையாது சொல்வோம். குடிப்பழக்கம் இல்லாதோர் அப்பகுதியைச் சரித்திரக் குறிப்பாகப் படித்துக்கொள்ளலாம்.

நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்கர் 'டேர்ட்டி மார்ட்டினி' என்று பெயரிட்ட கலப்புமதுவை. நேராகத் தமிழிற் சொன்னால் 'அழுக்கு மார்ட்டினி'. மார்ட்டினி என்பது ஜின்னையும், மூலிகையூட்டிய திராட்சை மதுவாகிய வெர்மூத்தையும் பனிக்கட்டியோடு கலந்து, வடித்து, நீண்ட காலுடைய கூம்புக் கிண்ணத்தில் வார்த்து, ஓர் ஒலிவக்காயையும் இட்டுக் கொடுக்கப்படுவது. பளிங்குபோலத் தெளிந்திருப்பதே அதன் பெருமை. அந்தத் தெளிவில், ஒலிவக்காய் ஊறிய உப்புநீரைச் சிறிது ஊற்றியதும் மது கலங்குகிறது. மங்கிய பச்சைச் சாயல் பெறுகிறது. அவ்வளவில் அது 'அழுக்கு' ஆகிவிடுகிறது. மார்ட்டினி என்ற பெயருக்குக் கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் என்னும் ஊரார் உரிமை கோருவர். இத்தாலிய வெர்மூத் வணிகர் ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டது என்பர் வேறு சிலர். பெயராராய்ச்சியைப் பண்டிதர்க்கு விட்டுவிடுவோம். கிண்ணத்தினுள் இருப்பனவே நமக்கு முக்கியம்.

முதலாவது ஜின். தானியச் சாராயத்துக்கு ஜூனிப்பர்க் காயின் வாசத்தைப் பிரதானமாக ஊட்டி, கொத்தமல்லி விதை, சில வேர்கள், சில வகைகளிற் கறுவா முதலியன சேர்த்து ஆக்கப்படுவது அது. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட சரக்கு. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்குவிக்கவென்றே ஒரு சட்டம் இயற்றியது. பிரெஞ்சுப் பிராந்தியைப் புறந்தள்ளுவதும், மிஞ்சிய தானியத்துக்குச் சந்தை காண்பதும் அதன் பயன்கள். நிலவுடைமையாளர் நிறைந்த சபை, நிலவுடைமையாளர்க்கு உகந்த சட்டத்தை இயற்றியதில் வியப்பில்லை. சில பத்தாண்டுகளுள் இலண்டனின் ஏழைத் தெருக்கள் ஜின்னில் மூழ்கின. உடனே அதே சபை ஒழுக்கத்தைக் கண்டுபிடித்தது. 1736ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சில்லறையாக ஜின் விற்பவர் ஆண்டொன்றுக்கு 50 பவுண் அனுமதிப்பணம் கட்டவேண்டும். தள்ளுவண்டியில் வைத்து விற்ற கிழவி 50 பவுணுக்கு எங்கே போவாள்? கலகங்கள் மூண்டன, சட்டம் ஏட்டளவில் நின்று, 1743இல் நீக்கப்பட்டது. 1751இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே வில்லியம் ஹோகார்த் தமது புகழ்பெற்ற 'ஜின் சந்து' என்னும் சித்திரத்தை அச்சிட்டு வெளியிட்டார். படியில் அமர்ந்திருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அடகுக்கடைக்காரன் தச்சனின் வாளை வாங்கிக்கொள்கிறான். அச்சித்திரத்தை நாம் மாணவர்க்குக் காட்டுவதுண்டு. அதில் எவர் இல்லை என்று தேடச் சொல்வோம். தாய் இருக்கிறாள், கடன்காரன் இருக்கிறான், பிணம் இருக்கிறது. தானியம் விற்ற நிலப்பிரபு மட்டும் இல்லை.

இதனை அந்நிய நாட்டுக் கதையென்று தள்ளிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற் சாராயக் குத்தகை எடுத்துப் பொருள் சேர்த்த குடும்பங்கள், அப்பொருளைத் தோட்டங்களிலும் காணிகளிலும் கல்வியிலும் இட்டுக் கனவான் குடும்பங்களாக உயர்ந்த வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வாங்கிக் குடித்தவனின் பேரன் இன்றும் குடிகாரன் பேரன். விற்றவனின் பேரனை அவ்வாறு எவரும் அழைப்பதில்லை.

வெர்மூத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். நமது மாசிபத்திரியின் இனத்ததான ஒரு கசப்புச் செடிக்கு ஜெர்மானியர் வைத்த பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது. 1786இல் தூரின் நகரத்துக் கார்ப்பானோ என்பவர் விற்கத் தொடங்கிய இனிப்பு வகையும், 1813இல் தென்பிரான்சில் ஜோசப் நொய்லி ஆக்கிய உலர்ந்த வகையும் பேர்போனவை. மார்ட்டினிக்கு வேண்டுவது பின்னது. அது திராட்சை மதுவாதலால், திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிடின் சில வாரங்களிற் சுவை கெட்டுவிடும்.

இந்த இரண்டும் கலந்த கிண்ணம், இலண்டன் சந்தின் வாரிசாக இருந்தும், அமெரிக்காவில் ஆளும் வர்க்கத்தின் மேசைக்கு ஏறியது. அங்கு 1920 சனவரி 17இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, 1933 டிசெம்பர் 5ஆம் நாள் நீங்கியது. அப்போது ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட், மாலைவேளையில் தம் கையாலேயே மார்ட்டினி கலந்து உதவியாளர்க்கு வழங்கும் வழக்கமுடையவர். 1943 நவம்பர் இறுதியிலே தெஹ்ரான் மாநாட்டுக்குச் சென்றபோதும் அப்பழக்கத்தை விடவில்லை. அவர் கலந்து கொடுத்ததை ஸ்டாலின் அருந்தி, பரவாயில்லை, ஆனால் வயிற்றுக்குக் குளிர்கிறது என்ற கருத்திற் சொன்னதாக, மொழிபெயர்ப்பாளராய் உடனிருந்த சார்ல்ஸ் போலன் பிற்காலத்திற் பதிவுசெய்தார். இச்சம்பவத்தைச் சொன்னால் நமது மூத்த தோழர் சிலர் முகஞ்சுளிப்பர். குளிர்கிறது என்று சொன்னதைக் கண்டனமாகக் கொள்ளலாமே என்று அவர்களைத் தேற்றுவோம்.

போருக்குப் பின்னர் இக்கிண்ணம் வணிக நிறுவனத் தலைவர்களின் மதியபோசனத்தோடு ஒட்டிக்கொண்டது. 'மூன்று மார்ட்டினி மதியபோசனம்' என்பது அமெரிக்க அரசியலில் ஒரு மரபுத் தொடர். முதலாளியும் அவர்தம் வாடிக்கையாளரும் உண்டு குடித்த செலவைத் தொழிற் செலவென்று கணக்கெழுதி, அதற்கு வரிவிலக்குப் பெறுவது வழக்கம். தொழிற்சாலைத் தொழிலாளி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவரும் பாணுக்கு அவ்விலக்கு இல்லை. கென்னடி 1961இல் இதிற் கைவைக்க முயன்றார். ஜிம்மி கார்ட்டர் 1976ஆம் ஆண்டுத் தேர்தல் மேடைகளில் இந்த அநீதியை வெளிப்படையாகவே சாடினார். முழுமையாயிருந்த விலக்கு 1986இல் நூற்றுக்கு 80 வீதமாகவும், 1993இல் 50 வீதமாகவும் குறைக்கப்பட்டது. 2020 டிசெம்பரில், கொள்ளைநோய்க் கால நிவாரணம் என்ற பெயரில், 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளுக்கு உணவகச் சாப்பாட்டுக்கு மீண்டும் முழு விலக்கு அளிக்கப்பட்டது. நோயிற் செத்தவர்களுள் இறைச்சி வெட்டும் தொழிற்சாலையிலும் பொதுப் பேருந்திலும் வேலைசெய்தோர் பலர் இருந்தனர். நிவாரணச் சட்டத்தில் மார்ட்டினிக்கும் ஓர் இடம் கிடைத்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இதனை நமக்குக் கற்பித்தவர், முன்னர் வடபுலத்துப் பாடசாலையொன்றில் நம்மிடம் தமிழ் கற்ற ஓர் இளைஞர். உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் மது பரிமாறும் மேடையில் வேலை செய்கிறார். ஒரு ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தம் தொடங்குமுன் கிடைத்த ஓய்வில், கொழும்பில் நாம் வாடகைக்கிருக்கும் வீட்டுக்கு வந்தார். கையில் ஜின்னும் உலர் வெர்மூத்தும் ஒரு போத்தல் பச்சை ஒலிவக்காயும். நமது கடைகளில் ஒலிவக்காயின் விலை ஆசிரியர் குடும்பத்தின் மீன்கறிச் செலவோடு போட்டியிடுவது. நாமாக வாங்கியிருக்க மாட்டோம். கற்பித்தவன் முன்னிலையில் மதுப்போத்தலை எடுக்க அவர் கூசினார். "நீர் செய்யும் தொழிலைத்தானே காட்டப்போகிறீர், தம்பி, அதிலென்ன கூச்சம்" என்ற பின்னரே எடுத்தார். எடுத்த பிறகு கூச்சம் போய்விட்டது. கைகள் தம் வேலையை அறிந்திருந்தன.

முதலிற் கிண்ணத்தைப் பனியறையில் வைக்கச் சொன்னார். நம்மிடம் கூம்புக் கிண்ணம் இல்லை. ஐஸ்கிறீம் உண்ணும் சிறு கண்ணாடிக் கிண்ணம் போதுமென்றார். கலப்பதற்கு ஹோர்லிக்ஸ் போத்தல், வடிப்பதற்குத் தேநீர் வடி, அளப்பதற்கு இருமல் மருந்துப் போத்தலின் மூடிக்கிண்ணம். அம்மூடியில் 15 மில்லிலீற்றர் என்று கோடிருந்தது. ஜின் நான்கு மூடி, உலர் வெர்மூத் ஒரு மூடி, ஒலிவ உப்புநீர் ஒரு மூடி. உப்புநீரை ஊற்றுமுன் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். போத்தலுக்குப் போத்தல் உப்பின் அளவு மாறும் என்றார். உப்புக் கரித்தால் அரை மூடி போதும். வினாகிரி மிகுந்ததும், பூண்டோ மிளகாயோ சேர்த்ததும் ஆகாது. எண்ணெயில் இட்ட காய் இதற்கு உதவவே உதவாது. காயின் துகள்கள் மிதந்தால் மெல்லிய சீலையில் வடித்துக்கொள்ளவேண்டும்.

பனிக்கட்டி பெரிதாகவும் இறுகியதாகவும் இருக்கவேண்டும். நொறுங்கிய துண்டுகள் விரைந்து கரைந்து மதுவை நீராக்கிவிடும். நீண்ட கரண்டியால் அரை நிமிடம், சத்தமின்றி, பனிக்கட்டிகள் ஒருசேரச் சுழலும்படி கிண்டினார். அதற்குள் போத்தலின் வெளிப்புறம் வெண்மையாய் வியர்த்துவிட்டது. தண்ணீரோடு பனிக்கட்டி கலந்தால் வெப்பநிலை 0 பாகையில் நிற்கும். மதுசாரமும் உப்பும் சேர்ந்த திரவத்தில் அது அதற்குக் கீழும் இறங்கும். ஐஸ்கிறீம் விற்பவர் முன்னாளில் பனிக்கட்டியோடு உப்புக் கலந்த காரணமும் இதுவே. ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு நல்ல உதாரணம். ஆயினும் எந்த அதிபரும் அனுமதிக்கமாட்டார். கரைந்து சேரும் நீரும் இம்மதுவின் ஓர் உறுப்பே. ஐந்திலொரு பங்களவு நீர் சேராவிடின் நாக்குச் சுடும்.

ஆங்கில உளவாளிக் கதாநாயகன் ஒருவன் மார்ட்டினியைக் கிண்டாது குலுக்கித் தரும்படி கேட்பது சினிமாப் பார்த்தோர் யாவரும் அறிந்தது. குலுக்கினால் காற்றுக் குமிழ்களும் பனித்துகளும் புகுந்து மது மங்கும். தெளிவு வேண்டுவோர் அதனால் கிண்டச் சொல்வர். உப்புநீர் விட்டபின் தெளிவு ஏது? குலுக்கினாலும் பாதகமில்லை என்றார் நம் ஆசிரியர். ஆம், அன்று அவர்தாம் ஆசிரியர். "ஆனாலும் நான் கிண்டுறதுதான், சேர். குலுக்கிக் குலுக்கி ராவில தோள் கழண்டு போடும்" என்றார்.

மேற்படி கூற்றைப் பகிடியாக எடுத்துக்கொள்ளாதிருக்கச் சில விவரங்கள் வேண்டும். உல்லாசக் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியின்கீழ்ப் பதிவுசெய்யப்படுகின்றன. முதலாளி ஒரு நாட்டிலிருப்பார், பயணிகள் இன்னொரு நாட்டவர், தொழிலாளர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை எனப் பல நாட்டவர். தொழிற் சட்டமோ கொடிக்குரிய நாட்டினது. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அது வகுக்கும் உச்ச வேலைநேரம் 24 மணித்தியாலத்துள் 14, ஏழு நாட்களுள் 72. இது சீர்திருத்தத்தின் வெற்றி. எட்டுமணி நேர வேலைக்காக உயிர்கொடுத்தோரின் நினைவுநாளை மேதினமாகக் கொண்டாடும் நாம் இந்த இலக்கங்களை ஒருமுறை உரத்து வாசித்துப் பார்க்கவேண்டும்.

கிண்ணம் கைக்கு வந்தது. மங்கிய பசுமஞ்சள், மாரிகாலத்துக் கடல்நீரேரியின் நிறம். முதலில் உப்பு, அதன்பின் ஜூனிப்பரின் பிசின் வாசம், கடைசியில் மெல்லிய கசப்பு. உப்பு கசப்பை அடக்கவல்லது. பாவற்காயை அரிந்து உப்புப் பிசறிவைக்கும் வீட்டுப் பெண்கள் இதனை எந்த ஆராய்ச்சிக்கும் முன்னரே அறிவர். நல்ல மது என்றே நாம் தீர்ப்பளிக்கிறோம். ஒன்று போதும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. 60 மில்லிலீற்றர் ஜின்னில் மட்டும் 24 மில்லிலீற்றர் தூய மதுசாரம் உண்டு; குளிரும் உப்பும் அதனை மறைத்துவிடுகின்றன.

"ஜின்னும் வெர்மூத்தும் காசு குடுத்தா எங்கையும் கிடைக்கும், சேர். ருசி இந்தத் தண்ணியிலதான் கிடக்கு" என்று அவர் ஒலிவப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். பிறகு சிரித்தார். இரவுதோறும் பயணிகள் மேடையருகே வந்து, இன்னும் அழுக்கு, மிக மிக அழுக்கு என்று கேட்பார்களாம். ஆங்கிலத்தில் அது விளையாட்டான சொல். நமது மொழியிலே, விசேடமாக யாழ்ப்பாணத்தவன் வாயிலே, அழுக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் துடக்கு, தீட்டு என்ற சொற்கள் வரிசையில் நிற்கின்றன.

அந்த இளைஞரின் பாட்டனார் சீவல் தொழிலாளி. நாளுக்கு இருமுறை பனையேறி இறங்கியவர். மாலை மங்கியதும் வேலியோரம் வந்து பிளாவை நீட்டிய பெரிய மனிதர்கள், காலையில் அவரைத் தம் திண்ணையில் ஏற்றமாட்டார்கள். முட்டியிலிருந்து வார்க்கப்பட்ட கள் தூயது. வார்த்த கை அழுக்கு. தேநீர்க்கடையில் அவருக்கெனத் தனிப் பேணி. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவும், தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலும் மக்கள் அடிபடவும் வேண்டியிருந்தது. தனிப்பேணி இன்று இல்லை. பேரன் உலகத்துச் செல்வர்க்கு மது வார்க்கிறார். அவர் அனுப்பும் பணத்தில் வீடு எழும்பியிருக்கிறது. அவருக்குத் திருமணம் பேசுகிறார்கள்.

"வீட்டில கப்பல் வேலை எண்டுதான் சொல்லுகினம், சேர். கப்பலில என்ன வேலை எண்டு கேட்டா அம்மா கதையை மாத்திப் போடுவா."

தாயை நாம் குறைகூற மாட்டோம். கள்ளிறக்கியவரின் மகள் அவர். மதுவோடு கூடிய வேலை என்ற பேச்சு எந்தப் பழைய சொல்லைக் கிளப்பும் என்பது அவருக்குத் தெரியும். நாம் குறைகூறுவது, மகனை வெளிநாட்டில் இதே வேலைக்கு அனுப்பிவிட்டு 'ஹோட்டல் முகாமைத்துவம்' என்று சொல்லிக்கொள்ளும் வசதியுள்ள குடும்பங்களை. அவர்களுக்குச் சொல் மாறியதும் அழுக்குப் போய்விடுகிறது. இவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி, அந்த 'அழுக்கு' நீரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கிறித்தவ வேதத்தில் ஒலிவமலையாகவும், இஸ்லாமிய வழக்கிற் சைத்தூனாகவும் நம் மக்கள் அறிந்துள்ள இந்தக் காய், மரத்திலிருந்து பறித்தவுடன் வாயில் வைக்கத்தக்கதன்று, அத்துணைக் கசப்பு. ஸ்பானியாவின் செவில் மாகாணத்து முறைப்படி, பச்சைக்காயை முதலிற் காரநீரில் சில மணிநேரம் இட்டுக் கசப்பை முறிப்பர். பின்னர் பலமுறை கழுவி உப்புநீரில் மாதக்கணக்காக ஊறவைப்பர். அங்கே, தயிரைப் புளிக்கவைப்பனவற்றின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் காயின் சர்க்கரையை உண்டு புளிப்பாக்குகின்றன. காயின் சாறு நீரிலும், நீரின் உப்பு காயிலும் மெல்லமெல்ல ஏறுகின்றன. ஜின்னை ஒரு பகலில் வடித்துவிடலாம். கிண்ணத்திலே பல மாத உழைப்பையும் காத்திருப்பையும் கொண்டது இந்தக் கலங்கல் நீரே.

பறிப்பதும் இலகுவன்று. எண்ணெய்க்குரிய காயைக் கோலால் அடித்தும் இயந்திரத்தால் மரத்தை உலுப்பியும் வீழ்த்தலாம். மேசைக்குரிய காய் கன்றினால் விலைபோகாது. ஆகவே கழுத்தில் தொங்கும் கூடையோடு ஏணியில் ஏறி, கிளையைப் பசுவின் மடிபோல் உருவிக் கையால் பறிப்பதே மரபு. ஸ்பானியர் அவ்வேலைக்குப் பால்கறத்தல் என்றே பெயரிட்டுள்ளனர். செவிலின் பண்டசாலைகளில், காயைத் தரம்பிரித்தும் விதை நீக்கியும் சிவப்பு மிளகாய்த் துண்டைத் திணித்தும் நின்றோர் பெரும்பாலும் பெண்கள்.

ஒலிவ மரங்கள் நிறைந்த அந்தலூசியா, பெருநிலவுடைமையின் தாயகம். ஹாயென் என்னும் ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஒலிவ மரங்கள் நிற்கின்றன. மரங்களை நட்டவர் நாட்கூலிகள். அறுவடைக்காலம் போக ஆண்டின் பெரும்பகுதி வேலையின்றி ஊர்ச் சதுக்கத்தில் நின்றவர்கள். குடியரசு 1932இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. 1936இல் பிராங்கோவின் கலகம் வந்தது. ஆடு மேய்த்து வளர்ந்த கவிஞர் மிகுவேல் எர்னாந்தெஸ், 1937இல் போர்க்களப் பிரசாரப் பணியாக ஹாயெனுக்குச் சென்றபோது, ஒலிவக்காய் பறிப்போரை விளித்து ஒரு கவிதை எழுதினார். அம்மரங்கள் எவருடைய உழைப்பின் பயன் என்று தொழிலாளரையே கேட்கும் கவிதை அது. போரிற் குடியரசு தோற்றது. எர்னாந்தெஸ் 1942 மார்ச் 28ஆம் நாள், 31ஆவது வயதில், அலிகாந்தேச் சிறையில் காசநோயால் மாண்டார். அதே கவிதை 2012ஆம் ஆண்டில் ஹாயென் மாகாணத்தின் அதிகாரபூர்வ கீதமாக்கப்பட்டது. நிலம் பெரும்பாலும் முன்போலவே கிடக்க, கேள்வி மட்டும் கீதமாகியிருக்கிறது.

விதிவிலக்கு இல்லாமலில்லை. செவில் மாகாணத்தில் மரினலேதா என்றொரு சிற்றூர் உண்டு. அதன் நிலமற்ற கூலிகள், பிரபு ஒருவருக்குச் சொந்தமான பண்ணையைத் திரும்பத் திரும்ப ஆக்கிரமித்தும், சாலைகளை மறித்தும், பட்டினி கிடந்தும் 1980கள் முழுவதும் போராடினார்கள். 1991இல் 1,200 ஹெக்டேயர் நிலம் அவர்கள் வசமாயிற்று. கூட்டுறவாக ஒலிவமும் மிளகாயும் பயிரிட்டார்கள். குறைபாடுகள் பற்றி எதிரிகளும் நண்பர்களும் எழுதியுள்ளனர். ஆனால் பிரபுவின் பண்ணையிற் காய் பறிப்பதற்கும் தம் பண்ணையிற் பறிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவ்வூரார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஒலிவக்காயின் கதையைச் சொல்லியபின் மார்ட்டினியைத் தீண்டாதே என்பதே நியாயம் என்று ஒருசாரார் வாதிப்பர். இவர்களுக்கு லூயிஸ் புனுவலை நினைவூட்டுவோம். ஸ்பானியாவின் கடைக்கோடி வறுமையை 'அப்பமற்ற நிலம்' என்னும் படமாக 1933இல் எடுத்தவர் அவர். குடியரசு அரசாங்கமே அதனைத் தடைசெய்தது. பிராங்கோ வென்றபின் மெக்சிக்கோவிற் குடியேறி வாழ்ந்தார். அவரே மார்ட்டினியின் பெரும் பக்தர். 1982இல் வெளிவந்த தமது நினைவுநூலில் அதனைக் கலக்கும் முறையை ஒரு பூசைமுறைபோல் விவரித்திருக்கிறார். கிண்ணமும் ஜின்னும் முதல்நாளே குளிரில் இருக்கவேண்டும் என்பது அவர் விதி. உப்புநீரை அவர் ஏற்றிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. அதில் நாம் அவரோடு மாறுபடுகிறோம். வறுமையைப் பார்த்த கண், நல்ல சுவையை வெறுக்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. நமக்கும் அது வேண்டியதில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு எஞ்சியிருக்கிறது. உப்புநீரை ஊற்றி முடித்துவிட்டால் போத்தலில் மிஞ்சிய காய்கள் காற்றுப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கொதித்தாறிய 100 மில்லிலீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பும் சில சொட்டு வினாகிரியும் கரைத்து, காய்கள் மூழ்க நிரப்பிக் குளிரில் வைக்கவேண்டும். சில நாட்களில் அந்நீரும் காயின் சாரம் ஏறப்பெறும். முதல்நீருக்கு நிகராகாது, ஆயினும் உதவும்.

நமது பாடசாலை வாசலில், சிங்களத்தில் வெரளு என்றும் தமிழில் வெரளிக்காய் என்றும் வழங்கும் பச்சைக்காயை, உப்பும் மிளகாய்த்தூளும் இட்டு விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஆங்கிலேயர் அக்காய்க்கு இலங்கை ஒலிவம் என்று பெயர் வைத்தனர். தாவரவியலார் அந்த இனத்துக்கு இட்ட பெயருக்கும் கிரேக்க மொழியில் ஒலிவக்கனி என்பதே பொருள். உருவத்தைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை, குடும்பமே வேறு. இதைச் சொன்னதும் நம் ஆசிரியருக்குப் பரிசோதனை ஆசை பிறந்தது. பழுக்காத வெரளிக்காயை மிளகாயின்றி வெறும் உப்புநீரில் இரண்டு வாரம் ஊறவைத்தோம். நீர் சற்றுத் துவர்த்தது, புளித்தது, ஒலிவத்தின் எண்ணெய்ச் சுவை அதில் இல்லை. ஒரு சிறு போத்தலில் வடித்து அவர் கொண்டுசென்றார்.

பிறகு தொலைபேசியிற் பேசினார். பயணிகள் மேடையில் அதனைப் பயன்படுத்த அனுமதி இல்லையாம். வேலை முடிந்து, தொழிலாளர் தங்கும் கீழ்த்தட்டில், நள்ளிரவுக்குப் பின் ஐந்துபேராகக் கூடி, ஆளுக்கொரு சிறு கிண்ணம் கலந்தார்களாம். என்ன காய் என்று கேட்டவர்களுக்கு ஊர்க்காய் என்றாராம். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோழர் ஒருவர் மட்டும் உப்புக் கொஞ்சம் காணாது என்றாராம்.